கடைசியாக வந்தவருக்குக் கைதட்டியவர்கள்

நம்ம ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடம் போன யாருக்கும் மரதன் எண்டா என்னவெண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில நாளைக்கு முன்னால ஒரு விடியக் காலை. பாடசாலை வாசலில் தொடங்கி, பிரதான வீதியால போய், கடற்கரை வீதியால திரும்பி வாற ஓட்டம். இல்லத்துக்கு ஒரு நிறத்தில் ரீசேட். பின்னால ஒரு முச்சக்கரவண்டி, அதில தண்ணீர்ப் போத்தலும் குளுக்கோஸும். உண்மையான மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். நம்மட பள்ளிக்கூட மரதன் அதில கால்வாசி கூட வராது. எண்டாலும் பேர் மரதன்தான்.

அந்த ஓட்டத்தில் முதலாவதா வந்தது யார் எண்டு இப்ப கேட்டா எங்களுக்கு ஞாபகம் இல்லை. கடைசியா வந்தது யார் எண்டு நல்லா ஞாபகம் இருக்கு. எங்கட வகுப்புப் பொடியன்தான். எல்லாரும் வந்து, பரிசெல்லாம் பேசி முடிஞ்ச பிறகு, வாசலால நொண்டி நொண்டி ஓடி வந்தான். "முச்சக்கரவண்டியில ஏறி வந்திருக்கலாமே மச்சான்" எண்டு ஒருத்தன் சொன்னான். மைதானமே சிரிச்சது. நாங்களும் சிரிச்சோம். அதுக்குப் பிறகு அவன் ஓடவே இல்லை.

இதை இப்ப எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. போன வருஷம் எங்கட வட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து முழு மரதன் ஒன்றுக்குப் பயிற்சி எடுக்கிறது எண்டு முடிவு செய்தோம். கொழும்பில் போய் ஓடுறது திட்டம். ஆறு மாசத்தில் ஏழு பேர் மூன்று பேராகிட்டோம். அந்த மூன்று பேரும் ஏன் இன்னும் ஓடுறோம் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்த நேரத்தில்தான், ஒரு இலங்கையரின் கதை கையில் கிடைச்சது. 1964ஆம் ஆண்டில் ஒரு ஓட்டத்தில் கடைசியாக வந்தவரின் கதை அது.

நாய் துரத்துதா மகன்?

முதல்ல எங்கட பாட்டைச் சொல்லிட்டு வாறோம்.

42 கிலோமீற்றர் எண்டா எவ்வளவு தூரம் எண்டு எங்களுக்கு நாங்களே விளங்கப்படுத்திக்கொண்ட விதம் இது: கல்முனையில் தொடங்கி, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை கடந்து, கல்லாறு, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி எண்டு போய்க் கல்லடிப் பாலத்தால மட்டக்களப்புக்குள்ள நுழையிறது. பஸ்ஸில் நித்திரை கொண்டு போற தூரம். அது கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதலாவது ஒலிம்பிக் மரதனும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான். 42.195 எண்ட கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்து, 1921இல்தான் நிரந்தரமாச்சு. ஆக, அந்தக் காலத்து மரதன் எங்கட கல்முனை-மட்டக்களப்பு பஸ் பாதை அளவு.

சுபஹ் தொழுதுட்டு ஓடத் தொடங்கினோம். முதல் கிழமை 3 கிலோமீற்றர். அதுக்கே நெஞ்சு வெடிக்கிற மாதிரி. தேநீர்க் கடை வாசலில் இருந்த காக்கா ஒருத்தர் கேட்டார்: "என்ன மகன், நாய் துரத்துதா?" அடுத்த நாள் அதே கேள்வி. மூன்றாம் நாள் நாங்க அந்தப் பாதையை மாத்திட்டோம்.

கடற்கரை வீதியில் நடந்தது வேற மாதிரி. இருட்டு விலகாத நேரம். ஏழு பேர் ஒரே திசையில் ஓடுற சத்தம் கேட்டு ஒரு வயசான உம்மா படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தா. முகத்தில் ரத்தமே இல்லை. "ஏன் ஓடுறீங்க? கடல் வருதா?" எண்டு கேட்டா. நாங்க அப்படியே நிண்டுட்டோம். 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேற்பட்டோர். எங்களில் பாதிப்பேர் அதுக்குப் பிறகு பிறந்தவங்க. எங்களுக்கு ஓட்டம் எண்டது உடற்பயிற்சி. அந்த உம்மாவுக்கு, கடற்கரையில் ஆக்கள் கூட்டமா ஓடுறது எண்டா அதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அன்றையில இருந்து அந்த வீட்டுக்குக் கிட்ட வந்ததும் நடந்து, ஸலாம் சொல்லிட்டுத்தான் திரும்ப ஓடுவோம்.

பிறகு ஒவ்வொன்றா வந்தது. ஒருத்தனுக்குக் கணுக்கால் பிரண்டது. ஒருத்தனுக்குப் பரீட்சை. ஒருத்தனுக்குக் கத்தாரில் வேலை கிடைச்சது. கார்த்திகை, மார்கழி மாரியில் வீதி எது, வாய்க்கால் எது எண்டு தெரியாத நிலை. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால தண்ணி. மூன்று கிழமை ஒரு அடி ஓடல்ல. மாரி முடிஞ்சு திரும்பினா 10 கிலோமீற்றர் ஓடின கால் 4 கிலோமீற்றரில் நிக்குது. அடுத்து நோன்பு வந்தது. தராவீஹ் முடிச்சு ராவையில் மெதுவா ஓடிப் பார்த்தோம். அரைவாசிப் பேர் வரல்ல. கொழும்பு ஓட்டத்துக்குப் பேர் பதிய வேண்டிய நாள் வந்து போச்சு. நாங்க பதியல்ல.

"மோட்டிவேஷன் வீடியோ பாருங்கடா" எண்டு கன பேர் அனுப்பினாங்க. பார்த்தோம். பார்க்கிற நேரம் உடம்பெல்லாம் சிலிர்க்கும். விடிய நாலரைக்கு அலாரம் அடிக்கிற நேரம் அந்தச் சிலிர்ப்பு எங்க போகுது எண்டு தெரியாது.

டோக்கியோ, 1964 ஒக்டோபர் 14

இனி அந்தக் கதை.

டோக்கியோவின் தேசிய விளையாட்டரங்கு நம்ம நாட்டுக்கு ஏற்கெனவே பழக்கமான இடம். 1958இல் ஆசிய விளையாட்டு அங்கேதான் நடந்தது. அதில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கையின் முதலாவது தங்கத்தை வென்றவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அதற்கு முன்னர் 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ன் என்று இரண்டு ஒலிம்பிக்குகளுக்குப் போய்ப் பதக்கம் இல்லாமல் திரும்பியவர் அவர்.

ஆறு வருடம் கழித்து அதே அரங்கில் ஒலிம்பிக். 10,000 மீற்றர் ஓட்டம். அரங்கைச் சுற்றி 25 தடவை. 38 பேர் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் இலங்கையின் ரணதுங்க கருணானந்த. இலக்கம் 67.

இந்த ஓட்டத்தை உலகம் ஞாபகம் வைத்திருப்பது பில்லி மில்ஸுக்காக. அமெரிக்காவின் தென் டக்கோட்டாவில், பைன் ரிட்ஜ் என்ற பூர்வகுடி ஒதுக்கிடத்தில் பிறந்த லக்கோட்டா இனத்தவர். 12 வயதில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அவர் வெல்லுவார் என்று யாரும் நினைக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் அவுஸ்திரேலியாவின் ரொன் கிளார்க் மீது. 28 நிமிடம் 15.6 செக்கன் என்ற உலக சாதனை அவருடையது.

கடைசிச் சுற்றில் மூன்று பேர் முன்னால்: கிளார்க், மில்ஸ், தூனிசியாவின் முஹம்மத் கம்மூதி. பின்தங்கிய ஓட்டக்காரர்கள் பாதை நிறைய இருந்ததால் அவர்களுக்கு இடையால் நெளிந்து நெளிந்து போக வேண்டியிருந்தது. கிளார்க் தள்ள மில்ஸ் வெளிப்பக்கம் தடுமாறினார். கம்மூதி இருவருக்கும் நடுவால் புகுந்து முன்னேறினார். முடிந்தது என்று எல்லாரும் நினைத்த நேரம், வெளிப்பக்கத்தால் மில்ஸ் பாய்ந்து வந்தார். 28 நிமிடம் 24.4 செக்கன். கம்மூதி 0.4 செக்கன் பின்னால். கிளார்க் மூன்றாவது. ஓடி முடித்த மில்ஸிடம் ஓர் அதிகாரி வந்து "நீங்கள் யார்?" என்று கேட்டாராம். சுற்றைப் பிழையாக எண்ணிவிட்டேனோ என்று மில்ஸ் பயந்துபோனாராம். ஒலிம்பிக் 10,000 மீற்றரில் அமெரிக்கர் ஒருவர் தங்கம் வென்றது அந்த ஒரு முறைதான்.

வழமையான விளையாட்டுக் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஓட்டம் முடியவில்லை.

மூன்று சுற்று

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து முடித்தார்கள். சிலர் பாதியில் விலகினார்கள். புறப்பட்ட 38 பேரில் முடித்தவர்கள் 29 பேர். 28ஆவது ஆளும் கோட்டைத் தாண்டிய பிறகு, பாதையில் ஒரே ஒருவர் மிஞ்சியிருந்தார். இலக்கம் 67. நின்றுவிடுவார் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவர் கோட்டைத் தாண்டித் திரும்பவும் ஓடினார்.

முதல் சுற்றில் அரங்கில் சிரிப்பு. சிலர் கூச்சலும் போட்டார்கள். எல்லாரும் முடித்த பிறகு, வெறும் பாதையில் ஓர் ஆள் தனியாக ஓடுவது பார்க்க வேடிக்கையாக இருந்திருக்கும். இரண்டாவது சுற்றில் சிரிப்பு அடங்கியது. இந்த ஆள் பகிடிக்கு ஓடவில்லை என்பது மெல்ல மெல்ல விளங்கியது. மூன்றாவது சுற்றில் கைதட்டல் தொடங்கியது. கடைசி நேர்கோட்டில் அவர் வேகம் எடுத்து ஓடிய நேரம், சற்று முன்னர் தங்கம் வென்றவருக்குக் கிடைத்த அளவுக்கு அவருக்கும் ஆரவாரம். மில்ஸ் முடித்து ஏறத்தாழ ஆறு நிமிடம் கடந்திருந்தது.

அவருக்கு அந்த நாட்களில் தடிமன், உடல் நலம் இல்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலாக ஜப்பானில் இன்றும் சொல்லப்படுவது ஒரு சின்ன விஷயம். ஊரில் எனக்கு ஒரு சின்ன மகள் இருக்கிறாள். அவள் பெரியவளானதும், வாப்பா டோக்கியோவுக்குப் போய்த் தோற்றாலும் கடைசி மட்டும் ஓடினேன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். கருத்து இதுதான்; சிங்களத்தில் அவர் "தாத்தா" என்றிருப்பார், எங்கள் வாயில் அது வாப்பா என்று வந்துவிட்டது.

ஜப்பானியர்கள் அவரை மறக்கவில்லை. "இலக்கம் 67" என்று அந்தக் கதை ஜப்பானின் ஆரம்பப் பாடசாலைப் புத்தகத்தில் பாடமாக வந்தது. 29ஆவதாக வந்த ஒரு இலங்கையரின் பெயரை ஜப்பானியப் பிள்ளைகள் படித்தார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. டங்கன் வைட்டின் 1948 வெள்ளியும் சுசந்திகாவின் சிட்னிப் பதக்கமும் பொது அறிவுக் கேள்வியில் வரும். கருணானந்த வரமாட்டார், ஏனெண்டால் பதக்கப் பட்டியலில் அவர் இல்லை.

இந்தக் கதையை முதன்முதலாக வாசிச்ச அன்று எங்களில் ஒருத்தன் சொன்னான்: "மச்சான், அந்த ஆள் மூன்று சுற்றும் ஒரே மாதிரித்தான் ஓடியிருக்கார். மாறினது பார்த்துக்கொண்டிருந்த ஆக்கள்."

அந்த வார்த்தை எங்களைக் கொஞ்சம் குத்தியது. மைதான வாசலில் நொண்டிக்கொண்டு வந்த பொடியன் எல்லாருக்கும் ஞாபகம் வந்தான். அவனுக்கு நாங்க குடுத்தது முதல் சுற்று மட்டும்தான்.

அதே ஓட்டத்தில் இன்னொருவர்

அதே 10,000 மீற்றர் ஓட்டத்தில் ஆறாவதாக வந்தவர் ஜப்பானின் கொக்கிச்சி சுபுராயா. தற்பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவர். ஒரு கிழமை கழித்து, ஒக்டோபர் 21 அன்று, மரதனும் ஓடினார். அன்று வென்றவர் எதியோப்பியாவின் அபெபே பிகிலா. 1960இல் ரோமில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்ற அதே ஆள். டோக்கியோவுக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அவருக்குக் குடல்வால் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அப்படியிருந்தும் 2 மணி 12 நிமிடம் 11.2 செக்கனில் உலகின் மிகச் சிறந்த நேரத்தை ஓடி, மரதனை இரண்டு தடவை வென்ற முதல் ஆள் ஆனார்.

இரண்டாவதாக அரங்குக்குள் நுழைந்தவர் சுபுராயா. சொந்த நாட்டு மக்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அந்தக் கடைசிச் சுற்றில், அத்தனை பேரின் கண் முன்னால், பிரித்தானியாவின் பசில் ஹீட்லி அவரைக் கடந்து போனார். வெண்கலம். தடகளத்தில் அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது. ஆனால் சுபுராயாவுக்கு அது பதக்கமாகத் தெரியவில்லை. நாட்டு மக்கள் முன்னால் செய்த பிழையாகவே தெரிந்தது. மெக்சிக்கோவில் ஈடுசெய்வேன் என்றார். முதுகு வலி, சத்திரசிகிச்சை, ஓய்வில்லாத பயிற்சி. கலியாணத்தையும் மேலதிகாரிகள் மெக்சிக்கோவுக்குப் பிறகு என்று தள்ளிவைத்தார்கள். 1968 ஜனவரியில், 27 வயதில், அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இனி ஓட முடியவில்லை என்று எழுதிவைத்திருந்தார்.

இதை எழுதவா, விடவா எண்டு எங்களுக்குள்ள பேச்சு நடந்தது. விட்டா இந்தக் கட்டுரையும் அந்த வீடியோக்கள் மாதிரி ஆகிடும். "நிறுத்தாதே, ஓடு, ஓடு" எண்டு சொல்றது லேசு. ஒரே ஓட்டத்தில் ஓடின ரெண்டு பேரை வச்சுப் பாருங்க. ஒருத்தர் கடைசியா வந்தும் மகளுக்குச் சொல்ல ஒரு கதையோட வீட்டுக்குப் போனார். மற்றவர் உலகத்தில் மூன்றாவதா வந்தும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிஞ்சார். ரெண்டு பேருக்கும் மன உறுதி இருந்தது. சுபுராயாவுக்குக் கிடைக்காமல் போனது, "காணும் தம்பி, இனி கொஞ்சம் இரு" எண்டு சொல்ல ஒரு ஆள்.

விழுந்தவர் விலகியதும் வரலாறுதான்

0.4 செக்கனில் தங்கத்தைத் தவறவிட்ட கம்மூதிக்கு என்ன நடந்தது? 1968 மெக்சிக்கோவில் 10,000 மீற்றரில் வெண்கலமும் 5,000 மீற்றரில் தங்கமும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் இறுதி ஓட்டத்தில், பாதி வழியில் பின்லாந்தின் லாஸே விரேன் தடுக்கி விழ, அவரில் இடறிக் கம்மூதியும் விழுந்தார். விரேன் எழுந்து ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றார். வீடியோக்களில் வருவது அந்தக் காட்சிதான். கம்மூதி எழுந்து கொஞ்சத் தூரம் ஓடிப் பார்த்துவிட்டு விலகிவிட்டார். அது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஆனால் ஒரு கிழமை கழித்து 5,000 மீற்றர் இறுதியில் அதே விரேனுக்குப் பின்னால் வெள்ளி வென்றவர் கம்மூதிதான். அன்று விலகியிருக்காவிட்டால் அந்தக் கால்கள் இன்றைக்கு ஓடியிருக்குமா என்று யோசிக்கலாம்.

ரொன் கிளார்க்கின் பாதை வேறு. 17 உலக சாதனைகள் படைத்தவர். ஒலிம்பிக் தங்கம் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. 1966இல் செக் நாட்டின் எமில் சாட்டோபெக் அவரைப் ப்ராக் நகரத்துக்கு அழைத்து, விடைபெறும் நேரம் ஒரு சின்னப் பொதியைக் கையில் கொடுத்தார். விமானத்தில் திறந்து பார்த்தால், 1952 ஹெல்சிங்கியில் 10,000 மீற்றருக்கு சாட்டோபெக் வென்ற தங்கப் பதக்கம். தோற்றவனைத் தோற்றவன் என்று பார்க்காத ஒரு கண் அவருக்கும் கிடைத்திருந்தது.

டோக்கியோவில் நான்காவதாக வந்த மாமோ வொல்டே, 1968 ஒக்டோபர் 20 அன்று மெக்சிக்கோ மரதனில் தங்கம் வென்றார். அவர் வென்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, இருட்டின பிறகு, முழங்காலில் கட்டோடு ஒருவர் அரங்குக்குள் நொண்டிக்கொண்டு வந்தார். தன்சானியாவின் ஜோன் ஸ்டீபன் அக்வாரி. முடித்த 57 பேரில் 57ஆவது. மிஞ்சியிருந்த கொஞ்சச் சனம் எழுந்து நின்று கைதட்டியது. அன்று அரங்கை விட்டுப் போகாமல் இருந்தவர்கள் சில ஆயிரம் பேர். அவர்கள் போயிருந்தால் அக்வாரி இருட்டில் தனியாக முடித்திருப்பார்.

இப்ப நாங்க செய்யிறது

வரலாறு வாசிச்சதால எங்கட கால் வேகமாகல்ல. அதை முதல்லயே சொல்லிடுறோம். ஆனா சில விஷயங்களை மாத்தினோம்.

முன்னெல்லாம் ஒரு நாள் தவறினா அந்தக் கிழமையே போச்சு எண்டு விட்டிடுவோம். மருதமுனையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஒருத்தன் எங்களோட ஓடுறான். அவன்தான் சொன்னான்: "தறியில இழை அறுந்தா வாப்பா தறியை வித்துடுறதில்ல. முடிச்சுப் போட்டுட்டு நெய்வார்." மாரியில் அறுந்த மூன்று கிழமைக்கும் இப்ப அதுதான் கணக்கு. முடிச்சுப் போட்டுட்டு 4 கிலோமீற்றரில் இருந்து திரும்பத் தொடங்கினோம். நோன்பு மாசத்துக்குத் தூரக் கணக்கே வைக்கிறதில்லை. ராவையில் அரை மணித்தியாலம் கூடி ஓடினா அது போதும். கால் நொந்தா ஓய்வு. விலகிறதுக்கு ஒருத்தரும் காரணம் சொல்லத் தேவையில்லை. திரும்பி வாறதுக்கும் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். கல்முனையில் இருந்து சாய்ந்தமருது, காரைதீவு தாண்டி நிந்தவூர் வரைக்கும் போய்த் திரும்புவோம். ஒரு ஊரில் பாங்கு, அடுத்த ஊரில் கோயில் மணி, நடுவில் கடல். அதில ஒரு சட்டம் வச்சிருக்கோம்: முதல்ல முடிக்கிறவன் நிண்டு தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி ஓடிப் போய், கடைசியா வாறவனோட சேர்ந்து முடிக்கணும். வேகமா ஓடுறவனுக்குக் கூடுதல் பயிற்சி. பின்னால வாறவனுக்கு வெறும் வீதி இல்லை. இந்தச் சட்டம் வந்த பிறகு விட்டுட்டுப் போன நாலு பேரில் ரெண்டு பேர் திரும்பி வந்துட்டாங்க.

பழைய வகுப்புத் தோழனைத் தேடிப் போனோம். இப்ப கடை வச்சிருக்கான். சிரிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டா, முதல்ல அவனுக்கு விளங்கல்ல, பிறகு விளங்கிச்சு. "அதை இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களா?" எண்டு கேட்டான். அவனும் ஞாபகம் வச்சிருந்தது முகத்தில் தெரிஞ்சது. அன்றைக்கு ஏன்டா முச்சக்கரவண்டியில ஏறாம ஓடி வந்தாய் எண்டு கேட்டோம். "ஏறினா நான் ஓடினேன் எண்டு உம்மாக்கிட்டச் சொல்ல ஏலாதே" எண்டான்.

கருணானந்தவின் கதையை அவனுக்குச் சொன்னோம். கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். ஓட வா எண்டு கூப்பிட்டோம். வரமாட்டேன் எண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரைதீவுச் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிப்பாட்டிக்கொண்டு, ஐந்தாறு தண்ணீர்ப் போத்தலோட நிண்டான். முன்னால ஓடினவங்களுக்குக் குடுத்துட்டுப் போயிடுவான் எண்டுதான் நினைச்சோம். கடைசி ஆள் கடந்து போற வரைக்கும் அவன் அந்த இடத்தை விட்டு அசையல்ல.

இந்த வருஷமும் கொழும்பு ஓட்டத்துக்கு நாங்க தயாராகுவோமா எண்டு தெரியாது. இப்போதைக்கு 18 கிலோமீற்றர் வந்திருக்கோம். அடுத்த மாரிக்கு இன்னும் சில மாசம் இருக்கு. பள்ளிக்கூடங்களில் திரும்ப மரதன் வைக்கிற நேரம், உங்கட ஊர் வாசலில் கடைசியா ஒரு பிள்ளை ஓடி வரும். அது வந்து சேரும் வரைக்கும் வீட்டுக்குப் போயிடாதீங்க. நாங்களும் எங்கட பள்ளிக்கூட வாசலில் நிற்போம்.